மறுமொழி: லைப்பேஸ் – 'சிதைப்பி' என்பது பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கொழுப்பின் மீது செயற்படும் லைப்பேஸ் என்ற நொதியை (என்சைம்) நுண்ணுயிர்களைக் கொண்டு உற்பத்தி செய்வது பற்றிய பாட அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் முடிக்க வேண்டும் என்பதால், அந்நொதியை 'கொழுப்புச்சிதைப்பி' என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தேன். வந்த மடல்கள் அனைத்தையும் இருமுறை படித்துவிட்டே இதை எழுதுகிறேன்.

செரிமானத்தை மட்டும் விளக்கும் பாடமாயின் 'சிதைப்பி' போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு உடலியலாளர் குளோட் பெர்னார் கணையநீரில் கண்டது, கொழுப்பு கிளிசராலாகவும் கொழுப்பமிலங்களாகவும் பிரிவதைத்தான். ஆனால் என் அத்தியாயத்தின் பாதி ஆலைக்குள் நடக்கிறது. நீர் மிகக் குறைந்த ஊடகத்தில் இதே நொதி எதிர்த்திசையில் இயங்கி, அமிலத்தையும் ஆல்ககாலையும் இணைத்து எஸ்டரை உருவாக்குகிறது. இந்நொதியின் சில வகைகள், கொழுப்பு மூலக்கூறின் இரு ஓரங்களான 1, 3 ஆகிய இடங்களில் உள்ள அமிலங்களை மட்டும் மாற்றி, கோகோ வெண்ணெய்க்கு நிகரான கொழுப்பையும் தருகின்றன. "சிதைப்பி எஸ்டரைக் கட்டுகிறது" என்று எழுதினால், மாணவர் பெயரை நம்புவதா, வாக்கியத்தை நம்புவதா?

இலக்கணம் கற்பிக்கும் ஐயா தந்த 'நெய்யரி' என்னை மிகவும் ஈர்த்தது. எள்ளின் நெய்யே எண்ணெய் ஆயிற்று என்பதால், உறைந்த கொழுப்பையும் உருகிய எண்ணெயையும் 'நெய்' ஒருசேரக் குறிக்கும். கரையான் அரிப்பது போல நொதி மெல்ல அரிக்கிறது என்பதும் அழகான காட்சிதான். ஆயினும் நன்னூல் கடை மாணாக்கருக்கு உவமை சொல்லும் நெய்யரி, நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் வடிகருவி. பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றலாம் என்று ஐயா மறுமொழிந்தார். பொதுவாக நானும் அதை ஏற்பவன். ஆனால் வளர்ப்பு முடிந்தவுடன் செல்களை வடிகட்டி நீக்கும் படிநிலை இதே அத்தியாயத்தில் வருகிறது. அங்கே 'நெய்யரி' என்று எழுதினால் வடிகட்டியைச் சொல்கிறேனோ என்ற ஐயம் எழும்.

ஒலிபெயர்ப்பை வேண்டியவர்களும் தமக்குள் ஒத்துப்போகவில்லை. "வடஎழுத்து ஒரீஇ" என்ற தொல்காப்பிய நெறிப்படி ஸகரத்தை நீக்கி 'லைப்பேசு' என்றார் ஒருவர். லகரம் மொழிமுதலில் வராது என்று மற்றொருவர் இகரம் சேர்க்க, அது 'இலைப்பேசு' ஆனது. இலையும் பேச்சும் நினைவுக்கு வரும் அந்த வடிவை எந்த மாணவரும் நொதியாகப் படிக்கமாட்டார்.

எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பில்தான் இந்நொதி விழிப்படைகிறது, அங்கேதான் அதன் மூடி போன்ற பகுதி திறக்கிறது, ஆகவே பெயரும் அந்தப் பரப்பைச் சொல்லவேண்டும் என்று எழுதிய நண்பரின் கருத்து நுட்பமானது. ஆனால் தொழிலில் பெரிதும் பயன்படும் கேண்டிடா அண்டார்க்டிகா என்ற நுரைமத்தின் (ஈஸ்ட்) பி-வகை லைப்பேஸ் அப்பண்பை ஏறத்தாழக் காட்டுவதே இல்லை.

எனவே 'கொழுப்புநொதி' என்று எழுதத் துணிகிறேன். 1833இல் பிரித்தெடுக்கப்பட்ட, மாவுப்பொருளைச் சிதைக்கும் நொதியான டயாஸ்டேஸின் வால்பகுதியையே 1898இல் பிரெஞ்சு அறிவியலாளர் டுக்லோ எல்லா நொதிகளுக்கும் பொது விகுதியாக முன்மொழிந்தார். அந்த 'ஏஸ்' சிதைத்தலைக் குறிப்பதன்று. நொதி செயற்படும் பொருளின் பெயரோடு 'நொதி' சேர்ந்தால் மூலச்சொல்லின் அமைப்பே தமிழிலும் கிடைக்கிறது. நொதித்தலும் நொதியும் ஒரே பத்தியில் மோதுகின்றன என்ற குறை உண்மைதான். 1877இல் ஜெர்மன் உடலியலாளர் கூனே 'என்சைம்' என்ற சொல்லைப் படைத்தபோதும் நுரைமத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே எடுத்தார், உறவு பழையது. நுண்ணுயிரை வளர்க்கும் கலமான நொதிகலன் என்பதை 'வளர்கலன்' ஆக்கி, "வளர்கலனில் ஆலிவ் எண்ணெயைத் தூண்டியாகச் சேர்த்தால் பூஞ்சை கொழுப்புநொதியை மிகுதியாகச் சுரக்கிறது" என்று எழுதிப் பார்த்தேன். தடையின்றிப் படிக்க முடிகிறது.

உயிர்வேதியியல் கற்பிக்கும் அம்மையார் இதை ஏற்கவில்லை. லிப்பாக்சிஜனேஸ் என்ற வேறொரு நொதியும் கொழுப்பமிலத்தின் மீதே செயற்படுகிறது, அதுவும் கொழுப்புநொதிதானே என்று கேட்கிறார். அதை 'கொழுப்பு ஆக்சிஜனேற்றி' என்று வினையால் பிரிக்கலாம் என்றேன். அப்படியானால் ஒன்றுக்குப் பொருளால் பெயர், மற்றொன்றுக்கு வினையால் பெயரா என்ற அவருடைய மறுகேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. வகுப்பில் தாம் லைப்பேஸ் என்றே சொல்லப்போவதாகவும் எழுதியிருக்கிறார். ஆதலால் முதல் இடத்திலும் படங்களிலும் 'லைப்பேஸ்' என்பதையும் உடன் தருகிறேன்.

பாஸ்பேட் கொண்ட கொழுப்புகளின் மீது செயற்படும் பாஸ்போலைப்பேஸ் வரும் பத்தியில் மட்டும் பெயருக்கான இடத்தை இன்னும் நிரப்பவில்லை. 'பாஸ்போகொழுப்புநொதி' நாவில் நிற்கவில்லை. வியாழன் இரவுக்குள் யாரேனும் ஒன்று பரிந்துரைத்தால் சேர்த்துவிடுவேன்.