கியர்பாக்ஸ் பிரித்து மாட்டியபின் ஆயில் ஒழுகுகிறது, அவசரம்

மலைக்காபி:
வணக்கம். போன வாரம் கியர்பாக்ஸ் இறக்கி பேரிங், சின்க்ரோ ரிங் (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்), ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீல் எல்லாம் புதிதாகப் போட்டு ஏற்றினோம். இப்போது ஆயில் ஒழுகுகிறது. நாளை மறுநாள் லோடு. என்ன செய்யலாம்?

பட்டறைத்தம்பி:
என்ன வண்டிங்க? முன்னால் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் பக்கமா, பின்சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் புரொபல்லர் ஷாஃப்ட் பின்னால் நுழையும் இடமா? நிற்கும்போதும் சொட்டுகிறதா?

லாரிமேடு:
பின்சீல்தான், சந்தேகமே வேண்டாம். சீல் உதடு உரசி உரசி, அதற்குள் சுழலும் ஷாஃப்ட் முனையான யோக்கில் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். அதன்மேல் எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது.

முப்பதுவருடம்:
வண்டி என்ன என்றுகூட எழுதாமல் வைத்தியம் கேட்டால் எப்படி? இதையே எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது. தம்பி, முதலில் அது கியர் ஆயில்தானா என்று விரலில் தொட்டு முகர்ந்து பார். கந்தக வாடை அடிக்கும். கறுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில், என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் பின்சீலைப் பார்க்க வேண்டும். வண்டி ஆறியதும் அடியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடை. முகப்பவுடர் தூவி நாலு கிலோமீட்டர் ஓட்டு. வெள்ளையில் ஈரத்தடம் எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். சொட்டும் இடத்தை நம்பாதே, ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிவிடும்.

மலைக்காபி:
மன்னிக்கவும் அண்ணா, அவசரத்தில் விட்டுப்போச்சு. டீசல் பிக்கப், ஐந்து கியர், பின்சக்கரம் இழுக்கும் வண்டி. ஏற்காடு மலையில் நாகலூரிலிருந்து சேலம் லீ பஜாருக்கு காபி, மிளகு மூட்டை ஏற்றுகிறேன். முகர்ந்து பார்த்தேன், கந்தக வாடைதான், தேன் நிறம். சேலத்துக்குள் ஓட்டினால் ஒரு சொட்டு இல்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசியும் ஏறி ஏற்காட்டில் நிறுத்தினால் யோக் முழுக்க ஈரம், பெல் ஹவுசிங் அடி ஓட்டையிலும் சொட்டு. தரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறை.

லாரிமேடு:
ஏற்றத்தில் மூக்கு தூக்கினால் ஆயில் பின்னால் தேங்கும். பின்சீல்தான் என்றேனே.

பட்டறைத்தம்பி:
பின்னால் சரிங்க, அப்போது முன்னால் ஏன் வருகிறது? புதிதாகப் போட்ட இரண்டு சீலும் ஒரே நாளில் போகாது. உள்ளே அழுத்தம் கட்டுகிறது. இரண்டாம் கியரில் மலை ஏறும்போது ஆயில் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேற கியர்பாக்ஸ் மேலே சின்ன பிரீதர் இருக்கிறது. அது அடைத்தால் காற்று சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். அதன் மூடியை விரலால் சுழற்றிப் பாருங்கள். அப்புறம் சமதரையில் நிறுத்தி ஆயில் அளவு பாருங்கள். நிரப்பும் ஓட்டையின் கீழ்விளிம்பு வரைக்கும்தான் இருக்க வேண்டும். ஒரு விஷயம்: முன்னால் வரும் ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டால் கிளட்ச் வழுக்கும். இதைப் பார்க்காமல் லோடுக்குப் போக வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை:
என்ன ஆயில் ஊற்றினார்கள்? டின்னில் ஜிஎல்-5 என்ற தரம் போட்டிருந்தால் மாற்றுங்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கும்.

முப்பதுவருடம்:
கேட்டது கசிவு. ரிங் கதை எதற்கு?

செவ்வாய்ப்பேட்டை:
புது ரிங் போட்டு காசு செலவழித்தவருக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? வண்டிக் கையேட்டில் ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4தான்.

முப்பதுவருடம்:
இப்போது வரும் ஜிஎல்-5 பலவற்றில் பித்தளையைக் காக்கும் சேர்மானமும் உண்டு. டின்னைப் படித்துவிட்டுப் பேசு.

செவ்வாய்ப்பேட்டை:
பலவற்றில்தானே, எல்லாவற்றிலும் இல்லையே. 80டபிள்யூ-90 என்று ஆயிலின் தடிமனை மட்டும் சொல்லிக் கேட்டால் கடையில் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

பட்டறைத்தம்பி:
மலைக்காபி அண்ணா, பிரீதர் பார்த்தீர்களா?

மலைக்காபி:
பார்த்தேன். வேலை முடித்து கியர்பாக்ஸுக்கு சில்வர் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள், அது பிரீதர் மூடியில் கட்டியிருந்தது. குண்டூசியால் சுரண்டித் தின்னரில் கழுவினேன். ஆயில் அளவு சரியாக இருந்தது. வெறும் வண்டியாக இரண்டு தடவை ஏறி இறங்கினேன், பின்னால் காய்ந்து கிடக்கிறது. பெல் ஹவுசிங்கில் ஒரு சொட்டு இருந்தது, துடைத்துவிட்டேன், திரும்ப வரவில்லை. லோடு ஏற்றப் போகிறேன். நன்றி தம்பி.