ஆர்கானிக் கிரீமுக்கு மாறியதிலிருந்து கண் இமையில் அரிப்பு, உதவி தேவை

வணக்கம். வழக்கமான மாய்ஸ்சரைசரை விட்டுவிட்டு, காஸ்மாஸ் (அழகுப் பொருள்களுக்கான ஆர்கானிக் தரநிலை) ஆர்கானிக் சான்று பெற்ற முகக் கிரீமுக்கு மாறினேன். முதல் சில வாரங்கள் ஒன்றும் இல்லை. அப்புறம் கண் இமைகளும் கழுத்தின் பக்கவாட்டும் சிவந்து, அரித்து, தோல் உரிய ஆரம்பித்தது. நிறுத்தினால் அடங்குகிறது, மறுபடி தடவினால் திரும்புகிறது.

முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்தேன், அங்கும் சிவந்தது. சோப்பு, ஷாம்பு எதையும் மாற்றவில்லை. தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட்டுக்கு (எந்தப் பொருள் ஒவ்வாமை தருகிறது என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) தேதி வாங்கியிருக்கிறேன், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

இரண்டு டப்பாக்களின் பின்பக்கத்தையும் ஒப்பிட்டேன். பழையதில் பாரபென் (கிரீம் கெடாமல் காக்கும் பொருள்), மினரல் ஆயில் உண்டு, வாசனைப் பொருள் கிடையாது. அது என்னை ஒன்றும் செய்யவில்லை. புதியதில் பாரபென் இல்லை, பதிலுக்கு சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட். கூடவே லாவெண்டர் எண்ணெய், ஆரஞ்சுத் தோல் எண்ணெய், கடைசியில் லினலூல், லிமொனீன் என்ற வாசனைக் கூறுகள். இந்த இரண்டும் செடியிலேயே இருப்பவைதான். ஆனால் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவை. என் சந்தேகம் இவற்றின் மேல்தான். சான்றிதழ், பொருள் எப்படி விளைந்தது, எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. தோல் அதை ஏற்குமா என்பது வேறு விஷயம்.

ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாத விவசாயம் எனக்கு முக்கியம், அதனால் ஆர்கானிக்கை விட மனமில்லை. வாசனை எண்ணெய் எதுவுமே சேர்க்காத, ஆர்கானிக் சான்றுள்ள முகக் கிரீம் எதையாவது நீங்கள் பயன்படுத்துகிறீர்களா?