பொருள்: ஓவர்புரூஃபுக்கு 'மிகைப்புளிப்பு' பொருந்துமா?

வணக்கம் அண்ணாச்சி,

சவர்டோ ரொட்டிச் (கடை ஈஸ்ட் போடாமல், தானாகப் புளித்த மாவைக் கொண்டு சுடும் ரொட்டி) சொற்பட்டியலில் ஓவர்புரூஃபுக்கு, அதாவது மாவு அளவுக்கு மீறி எழும்பிவிடுவதற்கு, 'மிகைப்புளிப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. பாளையங்கோட்டையில் ரொட்டி சுட்டுப் பார்க்கிறவருக்கு அது தப்பான வழியைக் காட்டும்.

பிசைந்த மாவுக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஈஸ்ட் கரியமில வாயுவை விட்டு மாவை எழுப்புகிறது; லாக்டிக் அமில பாக்டீரியா புளிக்க வைக்கிறது. இரண்டுக்கும் ஒரே வேகம் கிடையாது. சூடு 30 பாகை செல்சியஸைத் தாண்டத் தாண்ட ஈஸ்ட் சுணங்கும், பாக்டீரியா முந்திக்கொள்ளும். சித்திரையில் நம் அடுக்களை 35-ஐச் சாதாரணமாகத் தொடும். அப்போது மாவு மூக்கைத் துளைக்கிற அளவு புளித்திருக்கும், ஆனால் எழும்பியிருக்காது. மார்கழியில், அடிக்கடி மாவும் தண்ணீரும் ஊட்டி வளர்த்த தாய்மாவை (புது மாவை எழுப்ப எடுத்துவைக்கும் புளித்த மாவு) போட்டால் நேர்மாறு: பெரிதாகப் புளிக்காமலேயே பொங்கி, உச்சம் தாண்டி, அமுங்கிப்போகும்.

வைத்தியமும் வேறு வேறு. முதலாவதற்கு, தாய்மாவில் ஒரு பங்கு எடுத்து, ஐந்து பங்கு மாவும் ஐந்து பங்கு தண்ணீரும் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். பிசையக் குளிர்ந்த தண்ணீர் நல்லது. இரண்டாவதற்கு முன்கூட்டியே உருட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். இரண்டையும் 'மிகைப்புளிப்பு' என்றால் எந்த வைத்தியத்தைச் செய்வது?

இட்லி மாவில் இந்தக் குழப்பம் வராது. பொங்கினாலும் புளித்தாலும் 'மாவு புளிச்சிட்டு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதிகம் புளித்தால் ஊத்தப்பம் ஊற்றிக்கொள்ளலாம். அரிசியிலும் உளுந்திலும் பசையம் (குளூட்டன் என்கிற, மாவை இழுபடவைக்கும் புரதம்) இல்லை. கோதுமை ரொட்டியோ பசையத்தை நம்பித்தான் நிற்கிறது. அமிலமும் நொதிகளும் அதை அறுத்துவிட்டால் மாவு பலகையில் ஓடும். (அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிகிறவர்கள் சக்கையோடு பெரும்பாலும் கழிப்பது அந்தப் பசையத்தைத்தான். நம் ஊருக்கும் ரொட்டிக்கும் அப்படி ஒரு முறைப்பு.)

மாவு ஓடுவதற்கு மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கிறது. நம் கடை மைதாவில் பெரும்பாலும் 100 கிராமுக்குப் பத்து, பதினொரு கிராம் புரதம்தான். வெளிநாட்டுச் செய்முறையைப் பார்த்து மாவின் எடையில் 75 விழுக்காடு தண்ணீர் ஊற்றினால், பிசைந்த உடனேயே ஓடும். அது வெறும் தண்ணீர்க் கோளாறு. 65-இல் தொடங்கலாம்.

ஆகவே அமிலத்துக்கு மட்டும் 'புளிப்பு'. எழும்புவதற்குப் 'பொங்கு': குறைபொங்கு, மிகைபொங்கு. விரலால் அமுக்கினால் பள்ளம் சட்டென்று நிரம்புவது குறைபொங்கு; சுட்டு அறுத்தால் அடர்ந்து பிசுபிசுத்து, நடுவில் ஓரிரு குகைகள் இருக்கும். பள்ளம் அப்படியே நிற்பது மிகைபொங்கு. ரொட்டி தட்டையாகி, சர்க்கரையெல்லாம் தீர்ந்துபோய் மேல்தோல் சிவக்காமல் வெளிறும். மெதுவாகப் பாதி நிரம்பினால் அடுப்பில் வைக்கலாம்.

ஸ்டார்ட்டருக்குத் 'தாய்மாவு' சரிதான். பாலைத் தயிராக்க ஊற்றும் பிரைமோரை நினைத்துப் 'பிரைமாவு' என்றாலும் எனக்குப் பிடிக்கும். வேதக்கோயிலில் பைபிள் வாசிக்கக் கேட்டுப் பழகிய 'புளித்த மா' சவர்டோவுக்கே இருக்கட்டும்.

---

தம்பி,

புளிப்பையும் பொங்குவதையும் பிரித்தது சரி. மிகைப்புளிப்பை எடுத்துவிடவில்லை, சித்திரை மாவுக்கு என்று தனி வரியாக வைத்திருக்கிறேன். ஆனால் நடுவில் வரவேண்டிய 'ப்' என்ற ஒற்றெழுத்தை விட்டுவிட்டீர்கள். குறைப்பிரசவம் என்றுதானே எழுதுகிறோம்? குறைப்பொங்கு, மிகைப்பொங்கு என்று திருத்திவிட்டேன். பிரைமாவு வேண்டாம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிரைமோரே தெரியாது. உருட்டுவதற்கு முன் ஒரு பொங்கு, பின் ஒரு பொங்கு வருகிறதே, அவற்றுக்கு என்ன பெயர்? முதற்பொங்கு, கடைப்பொங்கு என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு தோன்றினால் சொல்லுங்கள்.