வாடகையிலயே இருக்கலாமா, வீடு வாங்கிடலாமா? கொஞ்சம் யோசனை சொல்லுங்க

வணக்கம் மக்களே, நாங்க இருக்கிறது பெரிய சிட்டியும் இல்ல, சின்ன ஊரும் இல்ல, இங்க வாடகை இன்னும் கட்டுப்படியாதான் இருக்கு ஆனா வீட்டு விலை ஏறிக்கிட்டே போகுது. பாத்து வச்சிருக்க வீட்டோட விலையை அதே மாதிரி வீட்டோட ஒரு வருஷ வாடகையால வகுத்தா 30க்கு மேல வருது, 20ஐ தாண்டினாலே வாடகைதான் லாபம்னு பொதுவா சொல்வாங்க. லோன் கணக்கும் போட்டேன், 20 வருஷம் 8.5% வட்டின்னா முதல் மாச இஎம்ஐல 80%க்கு மேல வட்டிக்கே போயிடுது. பதிவுச் செலவு, பராமரிப்பு எல்லாம் தனி.

ஆனா வாடகை வீட்டுல அம்மாவுக்கு பாத்ரூம்ல பிடிச்சுக்க ஒரு கம்பி வைக்கக்கூட ஓனர் ஒத்துக்க மாட்டேங்கிறார், அவங்க ஈரத் தரையில சுவத்தைத் தடவிக்கிட்டே நடக்கறதைப் பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது. திடீர்னு காலி பண்ணச் சொன்னா பசங்க ஸ்கூலை வச்சுக்கிட்டு எங்க போறது?

என் வேலை அஞ்சு வருஷம் கழிச்சும் இங்கயே இருக்குமான்னு உறுதியில்ல. இந்த மாதிரி ஊர்ல விக்கணும்னா சீக்கிரம் ஆள் கிடைக்குமா? இதே நிலைமையில முடிவெடுத்தவங்க எதை வச்சு முடிவு பண்ணீங்கன்னு கணக்கோட சொன்னா பெரிய உதவியா இருக்கும்.