8 கோர் ப்ராசசர், 4 ஜிபி கார்டு: இந்த லிஸ்ட் சரிப்பட்டு வருமா?

அரைத்தூக்கம்:
வணக்கம். மொத தடவையா சொந்தமா ஒரு கேமிங் பிசி அசெம்பிள் பண்ணப் போறேன். இப்ப இருக்கிற லேப்டாப்ல கேம் ஓப்பன் பண்ணினா கீபோர்டுல கை வைக்க முடியல, அவ்ளோ சூடு. லிஸ்ட் இதுதான்: ரைசன் 7 5700ஜி ப்ராசசர், பி550 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக் (பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம்னு), ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. நாலு ஆர்ஜிபி (கலர் லைட்) ஃபேன் வச்ச கேபினெட், அதோட 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஃப்ரீயா வருது. மானிட்டர் ஏற்கெனவே இருக்கு, 1080பி 75 ஹெர்ட்ஸ். விளையாடுறது வேலரண்ட், ஜிடிஏ 5, அப்பப்ப ஏதாவது புதுசு. 8 கோர் இருந்தா நாலஞ்சு வருஷம் தாங்கும்னு நினைக்கிறேன். எதையாவது மாத்தணுமா? பட்ஜெட் இதுக்கு மேல ஏறாது.

கழண்டஸ்க்ரூ:
தம்பி, போர்டும் என்விஎம்இயும் இருக்கட்டும். மத்த எல்லாத்தையும் மாத்துங்க. கோச்சுக்காதீங்க, நானும் இப்படித்தான் ஆரம்பிச்சேன்.

மொதல்ல கார்டு. 6500 எக்ஸ்டியைப் பார்த்தா 16 லேன் (டேட்டா போற பாதை) ஸ்லாட்டுல உக்காரும், ஆனா உள்ள 4 லேன்தான் வேலை செய்யும். கார்டு மாட்டுற அந்த ஸ்லாட்டுக்குப் பேரு பிசிஐஇ. அதோட 4.0 வெர்ஷன்ல அந்த நாலு லேன் செகண்டுக்கு ஏறக்குறைய 8 ஜிபி கடத்தும், 3.0ல அதுல பாதிதான். "என் போர்டு பி550, அதுல 4.0 இருக்கே"ன்னு கேப்பீங்க. போர்டுல இருக்கு, 5700ஜில இல்லையே! அந்த ஜி வரிசை ப்ராசசர் எல்லாமே 3.0தான். கார்டோட 4 ஜிபி மெமரி நிறைஞ்சதும் மிச்ச டெக்ஸ்சர் சிஸ்டம் ரேம்ல இருந்து அந்த வழியாத்தான் வரணும். தொட்டியும் சின்னது, குழாயும் பாதி அடைச்சது. வேலரண்ட்ல தெரியாது. புது கேம்ல ஒரு தெருமுனை திரும்பும்போது படம் அப்படியே நின்னு நின்னு போகும் பாருங்க, அது இதுதான்.

ப்ராசசரை ரைசன் 5 5600க்கு இறக்கிட்டு, மிச்சமாகுறதைக் கார்டுல போடுங்க. ரெண்டு கோர் குறையுதேன்னு கவலைப்படாதீங்க. 5600ல எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி) 32 எம்பி, 5700ஜில 16தான். கேமுக்கு அந்த கேஷ்தான் கை கொடுக்கும். கார்டுக்கு ஆர்எக்ஸ் 6600 பாருங்க: 8 ஜிபி, 8 லேன், 132 வாட். 1080பிக்கு தாராளம்.

அடுத்து அந்த ஃப்ரீ எஸ்எம்பிஎஸ். என் மொத சிஸ்டத்துல கேபினெட்டோட வந்ததைத்தான் மாட்டினேன். எட்டு மாசம் ஒழுங்கா ஓடுச்சு. ஒருநாள் ராத்திரி கேம் நடுவுல 'டப்'னு ஒரு சத்தம், ஸ்கிரீன் இருட்டு, ரூம் பூரா கருகின நாத்தம். போகும்போது போர்டையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. கழட்டித் தூக்கிப் பார்த்தா வெத்து டப்பா கணக்கா இருந்துச்சு. அப்பதான் ஸ்டிக்கரை ஒழுங்காப் படிச்சேன். மேல கொட்டை எழுத்துல 500 வாட். கீழ 12 வோல்ட் கட்டத்துல 18 ஆம்ப்ஸ். பெருக்கிப் பாருங்க, 216 வாட். ப்ராசசரும் கார்டும் கரண்ட் எடுக்கிறது அந்த 12 வோல்ட்ல இருந்துதான். 5600 முழு லோடுல 76 வாட் வரைக்கும் இழுக்கும், 6600 ஒரு 132. கூட்டினா 208. ஃபேன் சுத்தக்கூட மிச்சம் இல்ல.

அதனால தனியா ஒரு நல்ல 550 வாட் வாங்குங்க, 12 வோல்ட்ல 40 ஆம்ப்ஸுக்குக் குறையாம. 80 பிளஸ் முத்திரை எவ்வளவு கரண்ட் வீணாகுதுன்னு மட்டும்தான் சொல்லும், உள்ள பாதுகாப்பு சர்க்யூட் இருக்கான்னு சொல்லாது. காசு பத்தலைன்னா ஆர்ஜிபி ஃபேன்ல கை வைங்க. முன்பக்கம் வலை வச்ச சாதா கேபினெட், ரெண்டு ஃபேன், போதும்.

மெதுவா_வா:
ஸ்க்ரூ அண்ணன் சொல்றது சரிதான், ஆனா 5700ஜியை ஒரேடியா ஒதுக்க வேணாம். கார்டே வாங்காம ஆறு மாசம் ஓட்டுறதா இருந்தா அதுல இருக்கிற வேகா கிராபிக்ஸே வேலரண்டுக்குப் போதும். நான் அப்படித்தான் ஓட்டினேன்.

கழண்டஸ்க்ரூ:
கார்டு பின்னாடிதான்னா ஒத்துக்கிறேன். தம்பி இப்பவே ரெண்டையும் சேர்த்து வாங்குறாரே, அதான்.

ரேமை விட்டுட்டேன். ஒரே 16 வேணாம், ரெண்டு 8 எடுங்க. ஒரு ஸ்டிக்னா சிங்கிள் சேனல், பாதி வேகம். "பின்னாடி வாங்குறேன்"னு சொன்னவங்க யாரும் வாங்கி நான் பார்த்ததில்ல. நாலு ஸ்லாட் போர்டுன்னா ப்ராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவதுல மாட்டுங்க. போர்டு பெட்டியில ரைசன் 5000க்கு ரெடின்னு போட்டிருக்கான்னும் பாத்துக்கோங்க, பழைய ஸ்டாக்னா பயாஸ் (போர்டுக்குள்ள இருக்கிற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ண வேண்டி வரும்.

அரைத்தூக்கம்:
நன்றிண்ணா. கடைசியா 5600, 6600, ரெண்டு 8 ஜிபி, 550 வாட் எஸ்எம்பிஎஸ். ஆர்ஜிபி போனதுல என் தம்பிக்குத்தான் வருத்தம். ஞாயித்துக்கிழமை உக்காந்து மாட்டிடுறேன்.

அரைத்தூக்கம்:
அண்ணா அவசரம். எல்லாம் மாட்டியாச்சு, ஃபேன் சுத்துது, கார்டு ஃபேனும் லேசா ஆடி நிக்குது, ஆனா மானிட்டர்ல நோ சிக்னல். ரேமை மூணு தடவை கழட்டி மாட்டிட்டேன். கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர 8 பின்னும் குத்தியிருக்கேன். போர்டு போயிடுச்சா?

கழண்டஸ்க்ரூ:
பதறாதீங்க. மானிட்டர் கேபிளை எங்க குத்தியிருக்கீங்க? மேல யூஎஸ்பி பக்கத்துலயா, கீழ கார்டுலயா? 5600ல கிராபிக்ஸ் கிடையாது, மேல குத்தினா ஒண்ணும் வராது.

அரைத்தூக்கம்:
மேல.

அரைத்தூக்கம்:
வந்துருச்சு வந்துருச்சு. ஒன்றரை மணி நேரம்ணா. ரேம் மட்டும் 2133னு காட்டுது, பெட்டியில 3200னு இருக்கு. ஏமாத்திட்டாங்களா?

மெதுவா_வா:
இல்ல ப்ரோ. பயாஸ் உள்ள போய் எக்ஸ்எம்பியை ஆன் பண்ணுங்க, பெட்டியில போட்ட வேகத்துல ரேமை ஓட வைக்கிற செட்டிங் அதுதான். உள்ள போனதோட டிபிஎம், செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு செட்டிங்கும் ஆன்ல இருக்கான்னு பாத்துடுங்க, விண்டோஸ் 11ல வேலரண்ட் அது ரெண்டும் இல்லாம ஓப்பன் ஆகாது.