டால்பின்களோடு நீந்தியவர்களும் அதன் பலனை அளந்தவர்களும்: அனுபவப் பகிர்வு

கடலோடி:
டால்பின்களோடு நீந்தினால் மனச்சோர்வு குறையுமா என்று பார்க்கும் ஆய்வுக்கு வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை டால்பின்களோடும் மற்றவர்களை வெறும் கடலிலும் நீந்தவிட்டு, முன்னும் பின்னும் வினாத்தாள் நிரப்பி வாங்குவதுதான் ஆய்வு உதவியாளரான என் வேலை. டால்பின் இல்லாத பிரிவின் சீட்டைப் பிரித்துப் பார்த்த ஒரு பெண்மணி, நீச்சல் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "அப்படியானால் எனக்குக் குணமாகாதா?" என்று கேட்டார். அவர் இன்னும் தண்ணீரில் கால்கூட வைக்கவில்லை. அவருடைய மதிப்பெண்ணைப் பதியும்போதெல்லாம், நான் அளப்பது டால்பினின் பலனையா அவருடைய ஏமாற்றத்தையா என்ற ஐயம் என்னை விடவே இல்லை.

நீலாம்பல்:
கடலோடி அவர்களே, அந்த ஒரு கேள்வியை வைத்து எல்லாவற்றையும் ஒதுக்கிவிட முடியாது. 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான, மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில் நடந்த ஆய்வில், ஒப்பீட்டுப் பிரிவினரும் பவளப்பாறைகளுக்கிடையே நாள்தோறும் ஒரு மணி நேரம் நீந்தத்தான் செய்தார்கள். ஆயினும் இரண்டு வார முடிவில் டால்பின் பிரிவினரிடமே மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆட்டிசம் உள்ள என் மகன் எவர் முகத்தையும் ஏறிட்டுப் பாராதவன். டால்பின்களோடு நீந்தப் போன அன்று, ஒருக்களித்து மிதந்த டால்பினின் கண்ணை, தன் மூக்கு நீரில் படுமளவு குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அதைக் குறிக்க எந்த வினாத்தாளில் கட்டம் இருக்கிறது?

துடுப்பு:
மகன் பார்த்ததை யாரும் மறுக்கவில்லை, அம்மா. ஆனால் அந்த ஹோண்டுராஸ் ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே 30 பேர். அதிலும், தாம் எந்தப் பிரிவு என்பதை நீந்துகிறவரிடம் மறைக்கவே முடியாது. புதுமையின் கிளர்ச்சியையும் எதிர்பார்ப்பின் விளைவையும் இத்தகைய ஆய்வுகள் பிரித்துக் காட்டவில்லை என்று ஆய்வாளர்கள் லோரி மரினோவும் ஸ்காட் லிலியன்ஃபெல்டும் 1998இலும் 2007இலும் எழுதியுள்ளனர்.

என் அனுபவம் சிறியது: ஒரு டால்பின் தன் மூக்கால் என் விலாவில் இடித்தது, பல நாட்கள் மூச்சை இழுத்தாலே வலித்தது. இடித்தபோதும் அதன் முகம் சிரித்தபடியேதான் இருந்தது. அது தாடையின் அமைப்பு, மகிழ்ச்சியின் அடையாளமன்று. நீந்தப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வாயைத் திறந்து தாடைகளை அடித்து ஒலி எழுப்பினால் அது மிரட்டல், உடனே விலகுங்கள். தலை உச்சியிலுள்ள மூச்சுத்துளையைத் தொடாதீர்கள். எரிசிப்பெலோத்ரிக்ஸ், புரூசெல்லா போன்ற கிருமிகள் டால்பின்களிடம் இருக்கக்கூடும் என்பதால் ஆறாத புண்ணோடு இறங்காதீர்கள். ஹோண்டுராஸ் ஆய்வில் சேர்ந்தவர்கள் குறைந்தது 4 வாரம் முன்பே மனச்சோர்வு மருந்தை நிறுத்தியிருக்க வேண்டும் என்பது விதி. அதைப் படித்துவிட்டு, மருத்துவரைக் கேளாமல் எவரும் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.