கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூர்: தூரம், நேரம்

கேள்வி: அப்பாவைத் திருச்சி வழியாகச் சிங்கப்பூர் அனுப்புகிறோம். விமானம் எவ்வளவு நேரம் பறக்கும்? கும்பகோணத்தில் எப்போது கிளம்பணும்?

பதில் 1: திருச்சி–சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,980 கி.மீ. நேரடி விமானத்துக்கு 4 மணி நேரம், காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முந்தி. இரவு 1:00 கிளம்பி காலை 7:30 சேரும் என்று போட்டிருந்தால், ஆறரையில் இரண்டரையைக் கழியுங்கள்: 4 மணி.

பதில் 2: தம்பி, ஆகாயத்தை விடத் தரைதான் கவலை. கும்பகோணம்–தஞ்சாவூர் 40, தஞ்சாவூர்–திருச்சி 55 கி.மீ. காரில் இரண்டரை மணி வையுங்கள். துவாக்குடி, திருவெறும்பூர், அரியமங்கலம் பக்கம் மாலையில் நெரிசல் அதிகம். பன்னாட்டு விமானத்துக்கு 3 மணி முன்னால் நிலையத்தில் இருக்கணும், கவுண்டரைப் பொதுவாக 1 மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். இரவு 1:00 விமானம் என்றால் மாலை 7:00 மணிக்கே வண்டி எடுங்கள். ரயில் என்றால் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ, சுமார் 5 கி.மீ.

பதில் 1: முக்கியமாக ஒன்று. 12-ஆம் தேதி இரவு 00:30 விமானம் என்றால் 11-ஆம் தேதி மாலையே புறப்படணும். நிறைய பேர் தவறவிடுவது இதில்தான். ஊறுகாய், நெய் எல்லாம் கைப்பையில் வேண்டாம், பெட்டியில் போடுங்கள்.